போகியும் பரணும்

தைத் திங்கள் நெருங்கும்போது தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்கள்தோறும் ஒரு வழக்கு எழுகின்றது. வழக்குத் தொடுப்பவர் இல்லத்தரசியார். எதிர்வாதி இல்லத் தலைவர். வழக்கின் பொருள் மூலையில் கிடக்கும் ஒரு பழைய பெட்டி. என் இல்லத்திலும் இவ்வழக்கு ஆண்டுதோறும் வாய்தா வாங்கிக்கொண்டே வந்தது. அரசுக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர் நிறுத்துவதற்கென வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் சிறு கொட்டகைகளை அன்பர்கள் அறிவர். ஸ்கூட்டர் ஒன்றைத் தவிர உலகிலுள்ள மற்றெல்லாப் பொருள்களும் அவற்றுள் இருக்கும். எங்கள் கொட்டகையில் கோடைக்காலக் கூலர் ஒன்று, கால் ஒடிந்த கொலுப்படி, குழந்தைகள் வளர்ந்து கைவிட்ட தொட்டில், ஆட்டுக்கல், பிள்ளைகளின் பழைய பள்ளிப் புத்தகங்கள், எதற்கேனும் உதவும் என்று எடுத்துவைத்து எதற்கும் உதவாத அட்டைப்பெட்டிகள் ஆகிய யாவும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் தகரப்பெட்டி ஒன்று. அப்பெட்டியே எங்கள் வழக்கின் பொருள்.

"என்னங்க, பழையன கழியணும்னு மேடையில நீங்கதானே பேசுறீங்க? இந்தப் பெட்டியை மட்டும் ஏன் கழிக்க மாட்டேங்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். வினா நியாயமானது. விடை தேடப் புகுந்தபோது அது கொட்டகையை விட்டு வெளியேறி, என் ஊருக்கும் பழைய நூல்களுக்கும் என்னை இழுத்துச் சென்றது. நான் வரலாற்றுப் புலவன் அல்லேன். இளங்கலைப் பட்டத்தோடு நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் எழுத்தன். எனினும் கண்டவற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

முதலில் அந்தப் பழமொழியையே எடுத்துக்கொள்வோம். பழையன கழிதல், புதியன புகுதல் என்னும் தொடரைக் கூறாத போகிச் சொற்பொழிவு இல்லை. ஆனால் அத்தொடரின் பிறப்பிடம் போகிப் பண்டிகை அன்று, இலக்கணம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் குறுநில மன்னன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் நூற்பா அது. காலப்போக்கில் பழைய சொல்வழக்குகள் மறைவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்பதே முனிவர் கூறியது. பழம்பாயைப் பற்றியோ உடைந்த முறத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கூறினாரல்லர். மேலும், கழியும் என்றாரேயன்றிக் கழித்துவிடுக என்றாரில்லை. சொல் தானாகக் கழியும்; அதனை எவரும் தெருவில் இட்டுக் கொளுத்துவதில்லை. இலக்கண ஆசிரியர் சமாதானமாகச் சொன்ன ஒன்றை நாம் கட்டளையாக்கிக்கொண்டோம்.

போகியின் தொன்மை பற்றியும் ஒரு சொல். போகி என்பது இந்திரனுக்குரிய பெயர் ஆதலால், பூம்புகாரில் நிகழ்ந்த இந்திர விழாவின் எச்சமே இன்றைய போகி என்று கூறுவோர் உளர். கேட்பதற்கு இனிய கருத்து. ஆனால் காப்பியங்கள் காட்டும் இந்திர விழா சித்திரையில், 28 நாள் நிகழ்ந்த விழா. மார்கழியின் இறுதி நாளில் ஒரு பொழுது நிகழும் வீட்டுத் துப்புரவை அதனோடு இணைக்க இன்னும் வலிய சான்று வேண்டும் என்பது என் எளிய எண்ணம். பெயர் இந்திரனுடையதாக இருக்கலாம். செயல் உழவர் வீட்டுச் செயல். அறுவடை நெல் வீடு வந்து சேருமுன் அதற்கு இடம் வேண்டும். பழைய வைக்கோலும் செல்லரித்த பாயும் சோற்றுப்பானையைச் சுற்றிய பழம்பிரிமணையும் வெளியேற வேண்டும். தேவை அவ்வளவே. நெல் வராத நகர வீட்டில், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ! 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்கள் இறங்கவியலாது தடுமாறியதை நாளிதழ்களில் நாம் யாவரும் படித்தோம்.

போகி எல்லா ஊரிலும் தீ நாளாக இருந்ததில்லை. கொங்கு நாட்டில் அந்நாளுக்குக் காப்புக்கட்டு என்று பெயர். வீடு மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை தீட்டிய பின், ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையையும் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் விளைநிலத்தின் ஓரத்திலும் செருகுவார்கள். எரிப்பதற்கு மாறாகக் கட்டுதல். வெளியேற்றுவதற்கு மாறாகக் காத்தல். ஒரே நாளுக்கு இரு வேறு மனப்பாங்குகள். என் இளமைக் காலத்துப் போகி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஏனெனில் எங்கள் ஊருக்குச் சந்தை உடுமலைப்பேட்டை.

என் ஊர் காந்தலூர். இப்பெயரைக் கேட்டவுடனே, முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலையோ என்று கேட்பவர் பலர். அன்று. அச்சாலை திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிவு. எங்கள் காந்தலூருக்கு மெய்க்கீர்த்தி ஏதுமில்லை. கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த மலையூர் அது. உடுமலையிலிருந்து சின்னாற்றுக் காடு கடந்து, மறையூர் ஏறி, அங்கிருந்து இன்னும் மேலே செல்லவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவாதலால் தென்மேற்குப் பருவமழை எங்களுக்கு மிச்சம்மீதியே தரும். எங்கள் பாம்பாறும் கேரளத்து ஆறுகள் பலவற்றைப்போல் மேற்கே பாயாது. கிழக்கே பாய்ந்து அமராவதியில் கலந்து காவிரியைச் சேர்கின்றது. ஆறே தமிழகம் நோக்கி ஓடும் ஊரில், மக்கள் வீட்டில் தமிழ் பேசுவதில் வியப்பென்ன? 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பேசும் மொழி ஒன்று, பத்திரத்தின் மொழி வேறொன்று என்னும் நிலை அன்று முதல் எங்களுக்கு உண்டு.

மறையூர், காந்தலூர் முதலிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பது பழைய வழக்கு. எம்மவர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது செவிவழி வரலாறு. அதே மலையில் வாழும் முதுவர் மக்களும் தாங்கள் மதுரையிலிருந்து வந்ததாகவே கூறுவர். நகரத்தை விட்டு நீங்கும்போது மீனாட்சியம்மையின் திருவுருவையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. இதனைக் கல்வெட்டுக்கொண்டு மெய்ப்பிக்க முடியாது. ஆயினும் ஊர் பெயர்ந்து வந்த நம் போன்றோர் அக்கதையைச் சற்று நின்று கேட்கவேண்டும். ஒரு மக்கள் கூட்டம் வீட்டை விட்டுப் புறப்படும்போது முதுகு கொள்ளும் அளவே எடுத்துவர முடியும் என்றால், எதை எடுப்பது, எதை விடுவது? அவர்கள் எடுத்த முடிவு அவர்களுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது.

எங்கள் பாட்டனார் வீடு மண்சுவர் வீடு. அதில் அறைகள் குறைவு, பரண் பெரிது. அடுப்பங்கரைக்கு மேலே, உத்தரத்தின்மீது மூங்கிலும் பலகையும் பரப்பிய பரண். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தட்டுமுட்டுச் சாமான் குவித்த இருட்டு மூலை. பாட்டிக்கோ அதன் ஒவ்வொரு சாணும் மனப்பாடம். அடுப்புக்கு நேர் மேலே, புகை நன்றாகப் படும் இடத்தில், அடுத்த பருவத்து விதைக்கென ஒதுக்கிய பூண்டுக் கட்டுகளும் தானியக் கதிர்களும். புகை படிந்த விதையைப் பூச்சி தொடாது. சற்று விலகி, ஆண்டுக்கொரு முறை இறக்கும் பொங்கல் பானையும் பித்தளைத் தவலையும். சுவரோரம், ஏணி வைத்து ஏறினாலும் கை நீட்டித்தான் எடுக்கவேண்டிய மூலையில், துணியில் பொதிந்த சில ஓலைகளும் தகரப்பெட்டியும். நாள்தோறும் வேண்டுவன கைக்கெட்டும் உறியில். பருவத்துக்கு ஒருமுறை வேண்டுவன பரணின் முகப்பில். தலைமுறைக்கு ஒருமுறை வேண்டுவன பரணின் ஆழத்தில். இன்று நகரத்தில் பொருள்களை அடுக்கும் கலையென்று பெரும் ஊதியம் பெற்றுக்கொண்டு கற்பிக்கின்றார்களாம். பாட்டி அதனைக் கூலியின்றிச் செய்தாள்.

ஓலைகளுக்குப் பாட்டனார் ஆண்டுக்கொருமுறை புல்தைலம் தடவுவார். தைலப்புல் வெட்டி வாற்றும் தொழில் எங்கள் மலையில் பரவலாக உண்டு. அத்தைலத்தின் நெடிக்கு ஏடரிக்கும் பூச்சி அஞ்சும். தமிழ்நாட்டுச் சுவடிச் சாலைகளிலும் இதே தைலமே பயன்படுகின்றது என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தபோது, பரண் என்பது கிட்டத்தட்ட ஒரு நூலகம்தானே என்று தோன்றியது.

பரண் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வீட்டுக்குள் உத்தரத்தின்மேல் அமைவது ஒன்று. புனத்தில் விலங்கும் பறவையும் வராமல் காப்பதற்காக உயரே கட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்குச் சங்க நூல்கள் இதணம் என்றும் கழுது என்றும் பெயர் கூறுகின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுத் தலைவி அத்தகைய இதணத்தின்மேல் இருந்து, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி ஓட்டித் தினைப்புனம் காத்தாள். எங்கள் மலையில் அதற்கு ஏறுமாடம் என்றும் பெயர். அங்கே ஓட்டவேண்டியது கிளியை அன்று, யானையை. காவல் மேடைக்கும் சேமிப்பு மேடைக்கும் ஒரே பெயர் அமைந்தது எனக்கு ஏற்புடையதாகவே படுகின்றது. இரண்டிலும் நடப்பது காவல்தான். நன்னூலார் சொன்னவாறே இதணமும் கழுதும் வழக்கொழிந்தன; பரண் என்னும் சொல் இன்னும் இருக்கின்றது. தில்லியில் நாம் அதனை லாஃப்ட் என்கின்றோம். பக்கத்து வீட்டார் துச்சத்தி என்கின்றனர்.

இனி, பரணிலிருந்து இறக்கப்பட்டவற்றுக்கு என்ன நேர்ந்தது என்னும் சோகக்கதை. இதனைத் தமிழருக்குச் சொன்னவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த 'என் சரித்திர'த்தில் நெஞ்சை உலுக்கும் இடங்கள் பல உண்டு. பாண்டியர் வழிவந்த வரகுணராமர் தொகுத்த ஏடுகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் உள்ளன என்று கேள்வியுற்று அவர் தேடிச் சென்றார். அங்கே கிடைத்த விடை, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் என்பது. ஆகம முறைப்படி செய்தோம் என்று சொன்னவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர், மரியாதையோடுதான் எரித்தார்கள். நெல்லைச் சீமையில் மற்றோர் இல்லத்தார், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டதாகக் கூறினர். எந்தெந்த நூல்கள் போயினவோ! பண்டிகைக்கு வீடு துப்புரவாயிற்று. ஐயர் 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்தது, யாரோ சில வீட்டார் அவ்வாண்டுகளில் துப்புரவு செய்யச் சோம்பியிருந்தமையால்தான் என்று நான் சில வேளை எண்ணிச் சிரிப்பதுண்டு.

சோம்பலால் விளைந்த நன்மைக்கு வேறு சான்றும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் தாம் மறையும் ஆண்டுவரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஆளுநர் கோபித்துக்கொண்டது, நல்ல நேரம் கெட்ட நேரம் ஆகிய எல்லாம் அதில் உண்டு. அவர் மறைந்தபின் அக்குறிப்பேடுகள் வழித்தோன்றல்களின் வீட்டிலேயே கிடந்தன. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள்! அத்தனை போகிகளிலும் எவரேனும் ஒருவர், இக்கணக்குப் பழசு யாருக்கு வேண்டும் என்று எடுத்தெறிந்திருந்தால், 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவின் வரலாற்றுக்குத் தமிழில் இருக்கும் ஒப்பற்ற சான்று மறைந்திருக்கும். 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. கோயில்களிலும் இவ்வாறே நிகழ்ந்ததுண்டு. விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987இல் திருப்பணி நடந்தபோது, முதலாம் இராசேந்திரன் காலத்துச் செப்பேடு வெளிப்பட்டது. துப்புரவும் திருப்பணியும் எப்போதும் கேடு செய்வன அல்ல; கண்ணுள்ளவர் செய்தால் புதையலும் தரும்.

அத்தகைய கண்ணுடையவர் ஒருவரைக் குறிப்பிடாமல் இக்கட்டுரை நிறைவுறாது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பிறர் வீட்டார் எடைக்குப் போட்டவற்றை அவர் விலைகொடுத்து வாங்கினார். நாவல், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் எதையும் இழிவாகக் கருதினாரல்லர். நாற்பது ஆண்டுகளுக்குமேல் அவர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் அவர் வீட்டை நிறைத்தன. 1992இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ் மண்ணிலேயே இருக்கச் செய்ய, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவர் வாழ்ந்த செட்டிநாட்டிலேயே, வளவைச் சுற்றிய அறைகளில் தலைமுறையாகப் பூட்டிவைத்த சீர்ப்பாத்திரங்களும் தூண்களும் இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலை கூறப்படுகின்றன. ஒரே வட்டாரம், ஒருவர் வாங்கிச் சேர்த்தார், பலர் விற்றுத் தீர்த்தனர்.

இவையெல்லாம் பெரியோர் வீட்டுச் செய்திகள், நம் வீட்டுக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று அன்பர்கள் கேட்கலாம். எங்கள் மலையின் கதையையே கூறுகின்றேன். 1877ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பூஞ்சாற்று அரசர், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலைகளை ஒரு பத்திரத்தின் மூலம் வழங்கினார். அப்பத்திரத்தில் அஞ்சுநாட்டின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றது. தேயிலைத் தோட்டங்கள் வந்தன, குழுமங்கள் கைமாறின, நாடு விடுதலை பெற்றது. 1971இல் கேரள அரசு அந்நிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 1972இல் நீதிபதிகள் முன் வைக்கப்பட்டவற்றுள் அந்த 95 ஆண்டுப் பழம்பத்திரமும் ஒன்று. குழுமத்தார் அதனைப் போகியில் இட்டிருக்கவில்லை! பெருந்தோட்டக்காரரின் காகிதம் காப்பறையில் இருந்தது. சிறுகுடியானவனின் காகிதம் பரணில் இருந்தது. 2006இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் ஊர்களின் மலைப்பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, யாருடைய பட்டா மெய், யாருடையது பொய் என்னும் வினா எழுந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அத்தகைய நாளில் குடியானவன் கைநீட்டக்கூடிய இடம் அந்தப் பரண் மூலைதான்.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டனார் காலமான பின் வீடு பாகமாயிற்று, பரண் பிரிக்கப்பட்டது. படித்தவன் என்பதனால் தகரப்பெட்டி என் பொறுப்பில் தில்லி வந்து சேர்ந்தது. தலைநகரின் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதுமாடங்கள் கட்டும் திட்டத்துக்கு 2016இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், சரோஜினி நகர் முதலிய இடங்களிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டியதும் நாம் அறிந்ததே. நாங்களும் அவ்வாறு பெயர்ந்தவர்கள். அவசரத்தில், பெட்டி கனக்கின்றது என்று அதன் மேல்தட்டிலிருந்த ஒரு கட்டுக் காகிதத்தைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பழுப்பேறிய நிலவரிச் சீட்டுகள். பல பூஞ்சை பிடித்தவை. கிலோக் கணக்கில் என்ன கிடைத்தது என்பதுகூட நினைவில்லை.

2022 நவம்பர் முதல் நாளில் கேரளத்தில் நிலங்களை டிஜிட்டல் முறையில் மறு அளவை செய்யும் பணி தொடங்கியது. எங்கள் ஊருக்கு எப்போது வருவார்கள் என்று தெரியாமலேயே, முன்னெச்சரிக்கையாகச் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஏப்பா, தாத்தாவோட கரச்சீட்டுக் கட்டு உன்கிட்டதானே இருக்கு? பத்திரமா வச்சிரு" என்றார். நான் இருக்கின்றது என்றேன். பொய் சொன்ன நா உலர்ந்தது. இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை; அது இன்னும் கடினமாக இருந்தது. பின்னர் அவரே அலுவலகம் அலுவலகமாக அலைந்து பல மாதங்களில் வேண்டிய நகல்களைப் பெற்றுவிட்டார். நிலத்துக்கு ஊறு நேரவில்லை. ஆனால் அச்சீட்டுகளின் பின்பக்கத்தில் பாட்டனார் பென்சிலால் குறித்துவந்தது எனக்கு நினைவுக்கு வந்தது: அவ்வாண்டுப் பூண்டு விளைச்சல் எத்தனை மூட்டை, யானை புகுந்த நாள், எந்தக் குழந்தை எந்தக் கிழமையில் பிறந்தது. என் தந்தையார் பிறந்த நாளும் அவற்றுள் ஒன்றில் இருந்தது. சீட்டின் முன்பக்கத்துக்கு அரசிடம் நகல் உண்டு. பின்பக்கத்துக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது?

இதில் நாணத்தக்கது என்னவெனில், காகிதத்தைக் கழிப்பதே என் தொழில். நடுவண் அரசு அலுவலக நடைமுறையில் கோப்புகளை மூன்றாக வகுப்போம். 'அ' வகை, நிலையாகக் காத்துப் படியும் எடுத்து வைக்கவேண்டியது. 'ஆ' வகை, நிலையாகக் காக்கவேண்டியது, ஆயின் படி வேண்டாதது. 'இ' வகை, பத்தாண்டுக்கு மேற்படாத காலம் வைத்திருந்து கழிப்பது. இருபத்தைந்து ஆண்டு கடந்தும் மதிப்புடையனவற்றை ஜனபத் சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவோம். 1891இல் கல்கத்தாவில் தொடங்கிய அந்நிறுவனம் 1926 முதல் இங்கே உள்ளது. நம்மில் பலர் நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் செல்கின்றோம். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், 1892க்கு முற்பட்ட ஆவணம் எதனையும், பயன்படுத்தவே இயலாதவாறு சிதைந்திருந்தாலன்றி, அழிக்கலாகாது என்கின்றது. 2021 அக்டோபரில் அலுவலகங்களில் சிறப்புத் துப்புரவு இயக்கம் நடந்தபோதுகூட, ஒவ்வொரு கோப்பையும் புரட்டி, குறிப்பெழுதி, மேலலுவலர் ஒப்பமிட்ட பின்னரே நான் கழித்தேன். அரசின் காகிதத்துக்கு அத்தனை விழிப்பு. பாட்டனாரின் காகிதத்துக்கு ஒரு தராசு!

எனவே இவ்வாண்டு மார்கழிக் கடைசி ஞாயிறன்று கொட்டகையைத் திறந்து, பொருள்களை வெயிலில் பரப்பி, அலுவலக முறையையே கையாண்டோம். என் மனைவி மேலலுவலர். 'இ' வகை மிகப் பெரிது. கூலர், அட்டைப்பெட்டிகள், காலாவதியான உத்தரவாதச் சீட்டுகள், எந்தக் கருவிக்கென்றே தெரியாத மின்கம்பிகள் எல்லாம் போயின. தொட்டிலை அண்டை வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் மகிழ்ந்து எடுத்துச் சென்றார்கள். கொலுப்படிக்குக் கால் ஒட்டப்பட்டது. பள்ளிப் புத்தகங்களில் ஒன்றிரண்டை மட்டும் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டனர். ஆட்டுக்கல்லைப் பற்றி நெடிய விவாதம் நடந்தது. அது 'ஆ' வகை என்று மேலலுவலர் தீர்ப்பளித்தார், காரணம் கூறவில்லை. எதுவும் எரிக்கப்படவில்லை. சுவரில் மூன்று பலகை அடித்து, அடிக்கடி வேண்டுவன கீழே, பண்டிகைக்கு வேண்டுவன நடுவே, பெட்டி மேலே என்று பாட்டியின் முறையில் அடுக்கினோம். பல ஆண்டுகளுக்குப் பின் கொட்டகைக்குள் ஸ்கூட்டர் நுழைந்தது.

தகரப்பெட்டியில் மிஞ்சியிருந்தவை அதிகமில்லை. பூச்சி தின்ற ஓலைத் துண்டுகள் நான்கு, மணியார்டர் சீட்டுகள் சில, நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று. அக்கணக்குப் புத்தகம் மொய்க்கணக்கு. என் அத்தையர் இருவர் திருமணத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. அஞ்சுநாட்டு ஐந்து ஊர்க் குடும்பங்களும் அதில் வரிசையாக வருகின்றன. ஒருவர் இரண்டு ரூபாய், ஒருவர் நான்கு படி கேழ்வரகு, ஒருவர் ஒரு கட்டுப் பூண்டு. என் மகன் கொட்டகைத் தரையில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தான். எழுத்தைப் படிக்க அவனுக்கு வரவில்லை, தில்லியில் பிறந்தவன். நான் படித்துச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் இவர் நமக்கு என்ன உறவு என்று கேட்டான். பாதிக்கு மேல் எனக்கும் தெரியவில்லை. அன்றிரவு படங்களைச் சித்தப்பாவுக்கு அனுப்பினோம். தெரியாத பெயர்களுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டு அவர் நள்ளிரவுவரை தொலைபேசியை வைக்கவில்லை. நடுவே, நான்கு படி கேழ்வரகு செய்தவரின் பேரனுக்கு நாம் இன்னும் மொய் திருப்பவில்லை என்றும் நினைவூட்டினார்.

காந்தலூருக்கு 2023இல் நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா ஊர்ப் போட்டியில் பொற்பரிசு கிடைத்தது. எங்கள் மலைப்பூண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டு புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஊரில் விருந்தினர் விடுதிகள் எழுகின்றன. மண்சுவர் வீடுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஊர் வளர்வதில் எனக்கு மகிழ்ச்சியே. வீடு இறக்குமுன் பரணிலிருப்பதை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி உறவினர்க்கெல்லாம் சித்தப்பா சொல்லிவருகின்றார். இதுவரை ஒரு வீட்டில் ஓலைக்கட்டு ஒன்றும், மற்றொரு வீட்டில் உடைந்த ஆர்மோனியமும் கிடைத்தனவாம்.

போகியன்று ஆவாரம்பூத் தேடி ஐ.என்.ஏ. அங்காடிக்குச் சென்றேன். முருங்கைக்காய் இருந்தது, வாழையிலை இருந்தது, மஞ்சள்கொத்துகூட இருந்தது; ஆவாரம்பூ இல்லை. குடியிருப்புப் பூங்காவின் வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வந்து வாயிற்கதவில் கட்டினோம். மகன் மற்றொரு கொத்தை எடுத்துக்கொண்டு கீழே சென்று கொட்டகைக் கதவிலும் செருகிவிட்டு வந்தான்.